கோணிப்போன புகைப்பெட்டிக் கதவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், குட்டிக்கு இருமல் நின்றதா என்று எழுது. இங்கே இருவரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அப்பாவுக்குப் புருவம் மட்டும் இல்லை, மற்றபடி நலம். பதறாதே, முழுசாகப் படி.

கறியை விறகுப் புகையிலேயே பதமாக்கச் சொல்லி, போன தடவை வந்தபோது நீ அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த இரும்புப் புகைப்பெட்டி தீப்பிடித்துவிட்டது. உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கொல்லைப்புறத்தில் விறகு போட்டு, கறியை உள்ளே வைத்துவிட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொழுப்பு கருகுகிற நாற்றம் மாடி வரைக்கும் வந்து தொண்டையை அடைத்தது, எட்டிப் பார்த்தால் புகைபோக்கி வழியாக நெருப்பு வருகிறது, பக்கத்திலேயே இந்த மனிதர் நிதானமாகப் பேப்பரைத் திருப்புகிறார். நான் போட்ட கூச்சலில்தான் எழுந்தார். எழுந்தவர் சும்மா இருந்திருக்கலாம், கதவைத் திறந்தார், காற்றுப் பட்டதும் நெருப்பு முகத்துக்கே வந்துவிட்டது. புருவம் போனது அப்படித்தான். அடுத்த வீட்டுத் தையல்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார், நல்ல மனசு, ஆனால் எரிகிற கொழுப்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தெரியாதா, அண்ணே ஊத்தாதீங்க என்று கத்திக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து, கையிலிருந்த துணிக்கம்பால் கதவைத் தள்ளிச் சாத்தினேன். அதே கம்பால் காற்று போகிற துவாரத்தையும் மூடியபிறகு தானாக அணைந்தது.

கொழுப்பு சொட்டுகிற தட்டை அவர் கொட்டவே இல்லை, அதுதான் பிடித்துக்கொண்டது. பழைய பீப்பாயில் புகை போட்ட காலத்திலிருந்தே அவருக்கு எல்லாம் மூக்குதான், உனக்குத் தெரியாததா. கதவில் சூடு காட்டுகிற முள் இருக்கிறதே, அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்பார். விறகு மாற்றுவது, தட்டைக் கொட்டுவது, கறி பதமானது எல்லாவற்றையும் மோந்தே சொல்வார்.

வெல்டர் வந்து பார்த்தார். கதவு கோணிப்போய் மூடவில்லை, புகை கசியாமல் ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டை கருகிவிட்டது, முள்ளின் கண்ணாடி விரிசல். நிமித்தித் தரேன், வேண்டாம்னா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க என்றார். அப்பா யோசிக்கவே இல்லை, போட்டுடலாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மழையில் நான் நனைந்தால் கண்டுகொள்ளாதவர் அந்தப் பெட்டிக்குத் தார்ப்பாய் போர்த்த ஓடுவாரே. வெல்டருக்கு டீ போட உள்ளே வந்தேன், பின்னாலேயே வந்து நின்று, அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதோட எனக்கு மோப்பம் போயிடுச்சு, வந்துடும் வந்துடும்னு பார்த்தேன், வரல என்றார். எத்தனை மாதம் ஆகிறது அந்தக் காய்ச்சல் வந்து! அப்புறம்தான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. பால் அடிப்பிடித்துக் கருகியபோது பக்கத்தில் நின்று ரேடியோ கேட்டது, கறித்துண்டை என் மூக்குக்கு நேரே நீட்டி எப்படி இருக்கு எப்படி இருக்கு என்று துளைத்தது. பெருமை பீற்றிக்கொள்கிறார் என்று நினைத்து, போதும் தள்ளுங்க என்பேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, டீ ஆறிப்போய்விட்டது.

கதவை நிமிர்த்தச் சொல்லிவிட்டேன் கண்ணு. பெட்டியைப் போட்டுவிட்டால் அதோடு இவரும் மூலையில் உட்கார்ந்துவிடுவார். உள்ளே பிடித்த கரியைச் சுரண்டிச் சுரண்டி என் தோள் கழன்றுவிட்டது, அலுப்பாக இருக்கிறது. இத்தனை வருஷமாக இந்தப் புகை நாற்றம் துணியெல்லாம் ஏறுகிறது என்று சண்டை போட்டவள் நான், இப்போது எதிரில் உட்கார்ந்து மோந்து சொல்கிற வேலையும் என் தலையில். போன வாரம் வெறும் பெட்டியில் நெருப்பு மூட்டிப் பார்த்தோம். விறகு எப்படி இருக்கு என்றார், நெடியா இருக்கு என்றேன், நெடின்னா மூக்குலயா தொண்டையிலயா என்கிறார். எனக்கென்ன தெரியும், நெடி என்றால் நெடி. அதற்கும் ஒரு சண்டை. ஆனால் வெல்டர் மாற்றிக் கொடுத்த புது முள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறார், நான் பார்க்காத நேரத்தில்.

புதுப்பெட்டி எதுவும் அனுப்பி வைக்காதே. டாக்டரிடம் போகலாம் என்றால், மூக்குக்கெல்லாம் யாராவது போவாங்களா என்று என்னை அடக்கிவிடுகிறார், மாப்பிள்ளையை விட்டுப் பேசச் சொல், அவர் சொன்னால் கேட்பார். நேரத்துக்குச் சாப்பிடு, குட்டியை வெறும் தரையில் படுக்க விடாதே. எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு.

மறக்காமல் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் வேடிக்கையாகக் கேட்பாயே, என்னப்பா, வாசனை இங்க வரைக்கும் வருதே என்று, அதை இனிமேல் கேட்காதே. ஆமாம்மா, இன்னிக்குப் பிரமாதம் என்று அவர் சிரிப்பது மட்டும்தான் உனக்குக் கேட்கும். போனை வைத்ததும் அடுப்படிக்கு வந்து காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போவார். காப்பிக்குத்தான் அலைகிறார் என்று இத்தனை நாள் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
இன்னும் கரி போகாத கையோடு,
அம்மா