அந்த 'ஙொய்' சத்தம் நின்றுவிட்டது

என் பிரியமான என்னங்க,

பெயரை எழுதிக் கூப்பிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. வாயால் எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே கூப்பிடுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. உங்கள் ரெக்கார்டு பிளேயரைப் போட்டாலே கூடவே 'ஙொய்' என்று ஒன்று கேட்குமே, அதை ஒழித்துவிட்டேன். மெக்கானிக் யாரும் வரவில்லை. நானேதான்.

சிரிக்கிறீர்களா? பிளவுஸ் தைக்கிறவளுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பற்றி என்ன தெரியும் என்றுதானே?

பக்கத்து வீட்டுத் தனபால் பட்டு நூல் முறுக்க மோட்டார் வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்தது. "அவன் மெஷின் ஓடுனா நம்ம கரண்டு கெட்டுப்போவுது" என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பாவம், அவர் உங்களுக்காக மெஷினைப் பின்கட்டுக்கு மாற்றினார். சத்தம் போகவில்லை. வேண்டுமென்றே செய்கிறான் என்று தெருவில் நின்று கத்தினீர்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

எனக்கு அதில் போனது விஜயா. தனபாலின் மனைவி மட்டுமல்ல, என் சிநேகிதி. உங்கள் உடலை எடுத்த அன்றுகூட வாசல்வரை வந்து நின்றாள். உள்ளே வர அவளுக்குத் தைரியம் இல்லை. கூப்பிட எனக்கும் வாய் எழவில்லை.

இந்த வருஷம் கருட சேவை அன்று கூட்டம் கலைந்த பிறகு, உங்கள் நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைப் போட்டேன். அதே 'ஙொய்'. எரிச்சலோடு ஜன்னல் பக்கம் திரும்பினேன். பக்கத்து வீட்டில் மெஷின் ஓடவில்லை. திருவிழா அன்று யார் ஓட்டுவார்கள்? தெருவே நிசப்தமாக இருந்தது. அப்படியானால் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

வருஷா வருஷம் அந்த நாளில் நீங்கள் தண்ணீர்ப் பந்தலில் நிற்பீர்கள். ஒரு தடவையாவது வீட்டில் இருந்து தட்டைப் போட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் விடவில்லை. தையல் மெஷின் மக்கர் பண்ணினால் ஒவ்வொன்றாகத்தானே கழற்றிப் பார்ப்பேன்? ஸ்விட்சை அணைத்து, பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். சத்தம் இல்லை. ஆக, ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் சுத்தம். ஒயரைத் திரும்பச் சொருகினேன், சத்தம் வந்தது. முள்ளைத் தாங்கும் அந்த இரும்புக் கையைத் தற்செயலாகத் தொட்டேன். சத்தம் சட்டென்று குறைந்தது. கையை எடுத்தால் கூடியது. கோளாறு பிளேயரில்தான் என்று பிடிபட்டது.

எல்லாவற்றையும் அணைத்து, பிளேயர் பெட்டியைத் திருப்பினேன். பின்னால் ஒல்லியாக ஒரு பச்சை ஒயர், சுருட்டி, பட்டு நூலால் அழகாகக் கட்டித் தொங்கியது. உங்கள் முடிச்சுதான். தனபால் மோட்டார் வைத்த அதே சமயத்தில் பழைய ஆம்ப்ளிஃபயர் போய் வேறொன்று வாங்கினீர்களே, அப்போது உபரி ஒயர் என்று நினைத்துக் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். அது எர்த் ஒயர், மாட்டாமல் விட்டால் இப்படித்தான் இரையும்! புது ஆம்ப்ளிஃபயரின் முதுகில் அதற்கென்றே ஒரு திருகாணி காத்துக்கொண்டிருந்தது. முடிச்சைப் பிரித்து, அதில் மாட்டி இறுக்கினேன்.

தட்டைப் போட்டேன். நாதஸ்வரம் மட்டும். வேறெதுவும் இல்லை.

அப்படியே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. தனபால் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா, மறுபடியும் சத்தமா? இன்னிக்கி மெஷினே ஓடலியே."

"உங்க மெஷின் இல்லண்ணா. எங்க வீட்டுலதான் கோளாறு. கண்டுபுடிச்சிட்டேன், வந்து கேளுங்க."

விஜயா உள்ளேயிருந்து, "கேட்டு இன்னாக்கா ஆவப்போவுது? அவரும் போய்ட்டாரு" என்றாள்.

"தப்பு அவரு மேலதான் விஜயா. அவரு இருந்திருந்தா அவரே வந்து சொல்லியிருப்பாரு. இப்ப நான் சொல்றேன். வாம்மா."

அவள் வந்தாள். தனபால்தான் தயங்கினார். "இருங்கம்மா, மெஷினப் போட்டுட்டு வரேன். அதும் ஓடிக்கினு இருக்கட்டும், அப்பதான் நியாயம்" என்று திருவிழா நாளும் அதுவுமாக மோட்டாரை ஓடவிட்டுவிட்டு வந்தார்!

ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிறது. இந்தப் பக்கம் நாதஸ்வரம் மூச்சு வாங்கும் இடம்கூடத் தெளிவாகக் கேட்கிறது.

"தண்ணி மாதிரி இருக்குதும்மா!" என்று நிமிர்ந்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வழக்கில் ஜெயித்தவர் மாதிரி இருந்தார்.

விஜயா பச்சை ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். "இத்துக்காவாக்கா நாம பேசாம இருந்தோம்?" என்றவள் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. எனக்கும் அப்படித்தான்.

ஒன்று கேட்கவா? கடைசி மாதங்களில் அந்தப் பெட்டியை நீங்கள் தொடவே இல்லையே, அது அலுப்பா? இல்லை, தனபால் மேல் பழி போட்டது தப்போ என்று உங்களுக்கே தோன்றிவிட்டதா? தோன்றியிருந்தால் என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

போகட்டும். வரும் தை மாதம் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் நம் பிளேயர்தான் பாட வேண்டும் என்று தனபாலே வந்து கேட்டுவிட்டுப் போனார். நானே கொண்டுபோய் வைப்பேன், நானே ஒயர் மாட்டுவேன். முதல் தட்டை உங்கள் பெயரைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி வாய் நிறையச் சொல்லிப் போடுவேன். இது சத்தியம்.

உங்களை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில்,
உங்கள் வீட்டுக்காரி
ஜோதி