காலி செய்த வீட்டுக்கு நீங்கள் கட்டிய கரண்ட் பில்

மச்சான்,

பாஸ்புக்கைத் திறந்தால் புது மை வாசனை இன்னும் வருகிறது. திங்கட்கிழமை பேங்க்கில் அடித்துக் கொடுத்தார்கள். நம் நஸ்ரினின் காலேஜ் பீசுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கென்று போட்டு வைத்ததில் பாதிதான் இருந்தது. பக்கம் முழுக்கக் கரண்ட் பில். ஒன்று நம் கடலூர் வீட்டுடையது. இன்னொன்று, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நாம் காலி செய்துவிட்டு வந்த சிதம்பரம் வாடகை வீட்டுடையது! பேங்க்கிலேயே உங்களை வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

சிதம்பரத்தில் ரெண்டு மாசத்துக்கு ஒரு முறை கரண்ட் அட்டையை எடுத்துக்கொண்டு நான்தான் போய்க் கட்டுவேன். யூனிட் ஏறினால் அன்றைக்கே உங்களோடு சண்டை. ஒரு நாள் போனில் எதையோ தட்டிவிட்டு, "இனிமே நீ வெயில்ல போயி நிக்காத புள்ள, பணம் அதுவா போயிக்கும்" என்றீர்கள். அதுவாகத்தான் போனது. கடலூர் வந்ததும் புது நம்பரைச் சேர்த்தீர்களே, பழையதை எடுக்கத் தோன்றவில்லையா? நீங்கள் போன பிறகு நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். "பில்லெல்லாம் தானா போவுது, நீ கவலப்படாத" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நம்பினேன், மடச்சி.

பேங்க்கிலிருந்து நேராகச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். நாம் படுத்த அறையில் இப்போது ஏசி ஓடுகிறது. குடியிருக்கிறவர் சாவகாசமாகச் சொல்கிறார்: "பில்லு ஓனரு கட்றாருன்னு நெனச்சோம்மா."

"கட்டுன மனுசன் மவுத்தாயி ஆறு மாசமாவுது. இன்னமும் உங்க ஏசிக்கு அவருதான் கட்டிக்கிட்டு இருக்காரு!"

அவர் மனைவி எழுந்து போய் ஏசியை நிறுத்தினாள். பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்கு அது எதற்கு உதவும்? வளையலை அடகு வைத்துத்தான் பீஸ் கட்டினேன்.

இன்று அந்தப் பழைய வீட்டு பில் போவதை நிறுத்தச் சொல்லி மறுபடி பேங்க்குக்குப் போனேன். உங்கள் நம்பருக்கு ஓடிபி வரும் என்றாள் ஆபீசர் பெண். அந்த நம்பர் எப்போதோ செத்துவிட்டது. ஊரான் வீட்டு கரண்டுக்குத் தானாகப் போகிற மாதிரி செய்து வைத்தவர், சொந்த போன் ரீசார்ஜுக்குச் செய்து வைக்கவில்லை.

"அப்ப டெத் சர்டிபிகேட் குடுங்கம்மா. ஜாயின்ட்லேருந்து சார் பேர எடுத்துட்டா எல்லாம் நின்னுடும்" என்றாள்.

சர்டிபிகேட் கைப்பையில்தான் இருந்தது, மச்சான். ரேஷன் கார்டுக்குக் கொடுத்தேன், கேஸ் கனெக்‌ஷனுக்குக் கொடுத்தேன். பேங்க்கில் மட்டும் கொடுக்கவில்லை. அங்கேயாவது உங்கள் பேரும் என் பேரும் சேர்ந்து இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். அந்தப் பேரையும் எடுக்கச் சொல்லி என் கையாலேயே எழுத வைத்துவிட்டீர்களே!

எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கோபம் அடங்கவில்லை. நீங்கள் எதிரில் இருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குள் தீர்ந்திருக்கும். இப்போது யாரிடம் போய்த் தீர்த்துக்கொள்வேன்?