புகைமூட்டம் எப்படிப் போகும்?

அப்பாவின் கண்ணுக்கு,

"கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிஞ்சா நமக்கு ஏன்ப்பா ஸ்கூல் லீவு?" என்று போனில் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அம்மா கூப்பிட்டாள், வைத்துவிட்டாய். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை அம்மா சாமியறையில் சாம்பிராணி போட்டால், கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் உனக்கும் வாசம் வருகிறதல்லவா? காற்றுதான் கொண்டுவருகிறது. காட்டுப் புகையும் அப்படித்தான் கடல் தாண்டி வருகிறது. நல்ல மழை பெய்தால் கழுவிவிடும். புகை போய்விட்டதா என்று பார்ப்பது சுலபம். உங்கள் சுபாங் ஜெயா வீட்டு பால்கனியில் நின்று பார். தூரத்தில் இரட்டைக் கோபுரம் தெரிந்தால் போய்விட்டது.

இங்கே கிள்ளானில் செவ்வாய்க்கிழமையே மழை கொட்டித் தீர்த்தது. இன்று சனிக்கிழமை, நீ என்னிடம் வரும் நாள். என் ஜன்னலிலிருந்து துறைமுகத்து கிரேன்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

காலையில் அம்மா பேசினாள். "கிள்ளான்ல இன்னும் புகையாத்தான் இருக்காம். இந்த வாரமும் பிள்ளைய அனுப்பல."

"சரிலா, பத்திரமா பாத்துக்க" என்றேன்.

உனக்காக வாங்கிய ரம்புத்தானைக் கீழ்வீட்டு ஆன்டியிடம் கொடுத்தேன். "பாப்பா வரலையா?" என்று கேட்டார். புகைமூட்டம் என்றேன். அவர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார்.

கண்ணு, இதைப் படித்ததும் பால்கனிக்கு ஓடாதே. ஓடினாலும், கோபுரம் தெரிந்ததென்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம். புகை இருக்கிறது என்று அம்மா சொன்னால், இருக்கட்டும்.

ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும்,
அப்பா