வண்டி யார் பெயரில்?

என் அன்பான அப்பா,

நலமா என்று உங்களைக் கேட்க இனி வழியில்லை. அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். எந்த வேலை எனக்கு வேண்டாம் என்று நினைத்து என்னைப் படிக்க வைத்தீர்களோ, அந்த வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். இங்கே அமெரிக்காவில், எடிசன் ஊரில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறேன்.

சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டேன் அப்பா. யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் விட்டேன். உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். "ஸ்டியரிங் புடிக்கற பொழப்பு என்னோட போகட்டுஞ் சாமி" என்று கோயமுத்தூரில் மில் முதலாளி வீட்டு வாசலில் காரைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். அந்தக் காரை ஓட்டிச் சம்பாதித்த காசில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன்.

எப்படி ஆரம்பித்தது தெரியுமா? பக்கத்து வீட்டில் பிரபா என்று ஒரு பெண். கல்யாணமாகி இங்கே வந்தவள். பால் வாங்க வேண்டுமென்றால்கூட, புருஷன் நியூயார்க்கிலிருந்து ரயில் பிடித்து வரும்வரை காத்திருப்பாள். இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் கால் இல்லாத மாதிரிதான். கணவன் சொல்லிக் கொடுத்தால் சண்டையில் முடிகிறது என்று என்னிடம் வந்தாள். சனிக்கிழமைகளில் கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற பார்க்கிங்கில் பழக்கினேன். ஒருநாள் அவளே தனியாகப் போய் டேகேரிலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து, "அண்ணா, நானே போய்ட்டு நானே வந்துட்டேன்!" என்று போனில் அழுதாள். இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் செய்த எதற்கும் யாரும் இப்படிச் சந்தோஷத்தில் அழுததில்லை.

அதற்குப் பிறகு ஆபீஸில் மனம் ஒட்டவில்லை. உங்கள் மருமகள் கவிதாதான் சொன்னாள், "நீங்க திங்கக்கிழமை காலைல சிரிச்சுப் பாத்தே ரொம்ப நாளாச்சு. என் சம்பளம் இருக்கு, இன்ஷூரன்ஸ் என் ஆபீஸ்ல இருக்கு. ட்ரை பண்ணிப் பாருங்க." பயிற்சியாளர் லைசென்ஸ் எடுத்தேன். பக்கத்து ஸீட்டில் உட்காருகிற என் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த கார் வாங்கினேன். காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்னால் எழுந்துவிடுகிறேன் அப்பா. வேலை பிடித்திருக்கிறது.

பிடித்த வேலையைச் செய்கிறவன் எதற்கு வெட்கப்பட வேண்டும்? ஆனால் படுகிறேன். டிரைவிங் ஸ்கூல் என்று எழுதிய பலகை கார்க் கதவில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது தெருமுனையிலேயே நிறுத்தி அதை எடுத்து டிக்கியில் போட்டுவிடுவேன். என்ன பண்றே என்று கேட்டால் "கன்சல்டிங் பண்றேன்" என்பேன். இந்த ஊரில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அதற்குமேல் யாரும் தோண்ட மாட்டார்கள்.

அப்பாவுக்கு மனசு கஷ்டப்படும், அதனால்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. யாருக்காக மறைத்தேன்?

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். வசந்தா ஆன்ட்டி என்று என் மாணவி. அறுபது வயது தாண்டியவர். அங்கிளுக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் கற்றுக்கொள்ள வந்தார். முதல் டெஸ்டில் ஃபெயில். இரண்டாம் முறை என் காரிலேயே ஓட்டிக் காட்டிப் பாஸ் பண்ணிவிட்டார். இறங்கியதும், "தம்பி, நேரா பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போறோம். நான்தான் ஓட்டுவேன். இந்த வண்டிக்கு ஒரு பூஜை போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். மறுக்க முடியவில்லை. வழியில் நிறுத்தி எலுமிச்சம்பழம், பூ எல்லாம் வாங்கினார். அந்தச் சந்தோஷத்தில் பலகையைக் கழற்ற எனக்கு மறந்துபோனது.

கோயில் பார்க்கிங்கில் இறங்கினால், எதிரே ரமேஷ். என் பழைய ஆபீஸில் பக்கத்து ஸீட்காரன். குடும்பத்தோடு நிற்கிறான். "என்னடா, டிரைவிங் ஸ்கூல் வண்டில வந்து இறங்கறே?" என்று சிரித்தான்.

"ஆன்ட்டியோட இன்ஸ்ட்ரக்டர் வண்டிடா. நான் சும்மா துணைக்கு வந்தேன்" என்றேன்.

ஆன்ட்டி பூவைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பூவைப் பிரிக்க ஆரம்பித்தார்.

குருக்கள் வந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, "வண்டி யார் பேர்ல? பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். ரமேஷும் வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் வந்து நின்றான். ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். எனக்கு என்ன ஆனதோ, "தங்கவேலு, கேட்டை" என்று உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"அது யாரு?"

"அப்பா."

"இருக்காரோ?"

"இல்ல சாமி."

"அப்போ அவர் பேருக்குப் பண்ணப்படாது. ஓட்டறவா பேரைச் சொல்லுங்கோ."

அப்பா, ஆயுத பூஜையன்று முதலாளியின் காரைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டது எல்லாம் நீங்கள். அர்ச்சனை முதலாளி பெயருக்கு. நீங்கள் கைகட்டி ஓரமாக நிற்பீர்கள். ஓட்டுகிறவர் பெயர் என்ன என்று அங்கே ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. இங்கே ஒருவர் கேட்கிறார், எனக்குச் சொல்ல நாக்கு எழவில்லை.

"சரவணன், ரோகிணி" என்றேன்.

"காதுல விழல. உரக்கச் சொல்லுங்கோ."

மறுபடி சொன்னேன். ரமேஷ், "டேய், அப்ப இது உன் வண்டியா?" என்றான். "ஆமாடா. என் ஸ்கூல்தான்" என்றேன். அவன் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. "எங்கம்மா அடுத்த மாசம் வராங்க, கத்துக் குடுப்பியா?" என்றுதான் கேட்டான்.

திரும்பும்போதும் ஆன்ட்டிதான் ஓட்டினார். ஹைவேயில் ஏறினோம். பிறகு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு யார் கத்துக் குடுத்தாங்கன்னு ஊர்ல அக்கா தங்கச்சி எல்லாருக்கும் உங்க பேரைச் சொல்லி வெச்சிருக்கேன் தம்பி. நீங்க என்னடான்னா துணைக்கு வந்தேங்கறீங்க" என்றார். என் காலடியில் இருந்த பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒன்றே ஒன்று மனதைக் குடைகிறது. கோயிலில் உங்கள் பெயரைச் சொன்னேனே, அது பாசத்திலா, இல்லை என் பெயரை மறைக்கவா? உங்களிடம் பொய் சொல்ல முடியாது. இரண்டும்தான். அப்பா என்ன செய்தார் என்று இங்கே யாராவது கேட்டால் "டிரான்ஸ்போர்ட் லைன்ல இருந்தார்" என்றே இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். அந்த வேலை எனக்கு வரக்கூடாது என்றுதான் நீங்கள் நினைத்தீர்கள், அதில் கேவலம் இருப்பதாக ஒருநாளும் சொன்னதில்லை. கேவலம் என்று நினைத்தது நான். இதை எழுதும்போது உங்கள் படம் இருக்கிற பக்கம் திரும்பவே முடியவில்லை.

காந்தப் பலகையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை கார்க் கதவில் பெயிண்டிலேயே எழுதப் போகிறார்கள். தங்கவேலு டிரைவிங் ஸ்கூல். அர்ச்சனைக்குத்தான் உங்கள் பெயர் கூடாதாம், கதவில் எழுதத் தடையில்லை. இனி எந்தத் தெருமுனையிலும் வண்டியை நிறுத்த மாட்டேன். கூச்சம் இன்னும் போகவில்லை அப்பா. கூச்சத்தோடேயே கொண்டுபோய் வாசலில் நிறுத்துவேன். யார் கேட்டாலும் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்வேனோ, அதைக் கீழேயே எழுதியிருக்கிறேன்.

டிரைவர் தங்கவேலுவின் மகன்,
சரவணன்