வாலு வாயை மூடிக்கொண்ட காரணம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் பெண் வாலு மூவரும் சௌக்கியம், பல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வரவு செலவு. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே வாலு காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள், அதனால் உன் ஆபீஸ் தோழி நாளை அங்கே கிளம்புவதைக் கேட்டதும் அவளிடம் கொடுத்தனுப்ப உட்கார்ந்து எழுதுகிறேன். போன வாரம் நீ அழுதாயே, வீடியோ கால்ல அவ என் முகத்தையே பார்க்க மாட்டேங்கிறா, வாயைப் பொத்திக்கிட்டு ஓடிடறா, என்னை மறந்துட்டாப்பா, வேலையை விட்டுட்டு வந்துடறேன் என்று, அதற்குத்தான் பதில். மறக்கவும் இல்லை ஒன்றும் இல்லை. எல்லாம் பல் செய்த வேலை.

மேலே முன்பல் இரண்டும் விழுந்து புதுசு வந்துவிட்டது, அந்தச் சின்ன முகத்தில் ஒவ்வொன்றும் கதவு மாதிரி இருக்கிறது. கீழே ஒரு பால்பல் விழாமல் ஆடிக்கொண்டிருக்க, அதற்குப் பின்னாலேயே புதுப் பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, பிள்ளைக்கு ரெண்டு வரிசைப் பல்லுங்க என்று ஒரே புலம்பல். சரியென்று பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் யார் தெரியுமா, என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது நம் டிரைவிங் ஸ்கூல் பெயர்ப்பலகையையே சாய்த்தாளே ஒருத்தி, அவளேதான். அன்று அவளை நான் திட்டிய திட்டுக்கு, இன்று ஊசியோடு நிற்கிறாளே என்று எனக்கு உள்ளூர உதறல். ஆனாலும் வாயை அடக்க முடியாமல், ஏம்மா, கார் நின்ன இடத்துல லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினா எப்படி என்று கேட்டேன். சிரித்துவிட்டு, நிறுத்துற இடமும் பெரிசாகும் சார் என்றாள். புதுப் பல் முழு அளவிலேயே முளைத்துவிடுமாம், பிறகு அது வளராதாம், தாடைதான் மெதுவாக வளர்ந்து முகம் பல்லுக்கு ஈடாகுமாம். கடைவாய்ப் பக்கத்தில் இருக்கும் பால்பற்கள் குண்டாம், அவற்றுக்குப் பதிலாக வருபவை ஒல்லியாம், அதில் மிச்சமாகும் இடமும் கொஞ்சம் உதவுமாம். அதனால் விழப்போகிற பல்தானே என்று சொத்தையாக விடக் கூடாது, பின்னால் வருவதற்கு அதுதான் இடம் பிடித்து வைக்கிறது என்று எனக்கும் ஒரு திட்டு கிடைத்தது, மிட்டாய் வாங்கிக் கொடுப்பது நான்தானே. பின்னால் முளைத்த பல்லும், பால்பல் விழுந்துவிட்டால், நாக்கு தள்ளித் தள்ளியே முன்னால் வந்துவிடுமாம். இடம் முழுசாகப் போதுமா என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாதாம், பற்றாவிட்டால் பிறகு கம்பி போட்டுக்கொள்ளலாமாம். உன் அம்மா அங்கேயே ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

அதற்குப் பிறகுதான் விஷயமே. நாங்கள் எழுந்ததும் வாலு டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்து, இதையெல்லாம் உள்ளே தள்ளிவிட முடியுமா என்று கேட்டாள். ஏண்டா கண்ணா என்று அவள் குனிந்ததும், அம்மா வர்றதுக்குள்ள பெரிசாயிடாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க, இதைப் பார்த்தா தெரிஞ்சிடும் என்றாளே பார். நீ கிளம்பும்போது வாசலில் அவளைக் கட்டிக்கொண்டு சொன்னாய், எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நாம் எல்லோரும் சிரித்தோம், அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. பால் வேண்டாம் என்று தள்ளியதும், கவுன் முட்டிக்கு மேல் ஏறியது தெரியாமல் இருக்கக் குனிந்து குனிந்து நடந்ததும், அந்த ஆடும் பல் பக்கம் கடிக்காமல் தின்றதும் எதற்கென்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. டாக்டர் முன்னாலேயே நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ இல்லாமல் அவள் படும் பாடு இதுதானம்மா, மறதி இல்லை. அதற்காக அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதே, வீடு கிடைத்ததும் அவளை அங்கே கூட்டிக்கொள்ளுங்கள், அதுவரை நாங்கள் இருக்கிறோம்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, நினைத்தது நடந்து, நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள். அம்மா கொடுத்தனுப்பும் கம்பளிப் போர்வையைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காதே, போர்த்திக்கொள். ஒன்றே ஒன்று மறக்காதே, கடிதம் கைக்கு வந்த உடனே வாலுவைக் கூப்பிடு. வளரலாம்டா என்று நானும் சொல்லிப் பார்த்தேன், டாக்டரும் சொன்னாள், எங்கள் பேச்சு செல்லாதாம், சொன்னவங்கதான் மாத்திச் சொல்லணுமாம். அதுவரை அந்தப் பல்லை நாக்கால் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அப்பா