இரண்டு பலகை, ஒரு பட்டி

மச்சாள்,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் மீன்காரர் சைக்கிளை வாசல் கேற்றடியில் நிறுத்தி மணியடித்தார். பெட்டியைத் திறந்ததும் கடல் மணம் வரவில்லை, சேற்று மணம்தான் வந்தது. நான் கேட்காமலே விளக்கம் சொன்னார். "சல்லியில ஆத்துவாய் வெட்டியாச்சு தங்கச்சி. முழுக்கக் களப்பு இறால்தான். எடுங்கோ."

நீர் எங்களை விட்டுப் போன பிறகு இந்த வீட்டுக்குள் உம்முடைய சல்லி ஊர்க் களப்பு இறால் வந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மறுத்துச் சொல்லி, ஏன் என்று அவர் கேட்டு, அதற்கும் ஒரு காரணம் தேடுவதற்கு எனக்குத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

களைப்பு என்றால் அரசாங்கக் கச்சேரி வேலைக் களைப்பு இல்லை. அந்தக் களைப்புக்கு நித்திரை மருந்து. புருஷனும் பெண்சாதியுமாய் உம்முடைய அண்ணனும் நானும் லிங்கநகரில் இந்தச் சின்ன வீட்டுக்குள் ஒரு வருடமாக அளந்துதான் கதைக்கிறோம். சாப்பாடு ஆறுகிறது, கரன்ட் போய்விட்டது, இவ்வளவுதான் கதை. அவர் சீனன்குடாவில் வேலை முடிந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் துடைப்பார். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் என்று நினைக்கிறார் என்றே நான் நம்பினேன். நினைத்தாலும் பிழையில்லை, ஏனென்றால் நான் அவருக்குச் சொல்லாத ஒன்று இருந்தது.

தண்ணீரில் பலகை விடும் விளையாட்டுக்கு என்னை இழுத்தது நீர்தான். எனக்கு நாற்பத்து நான்கு வயது, முதுகு வலி வேறு. உப்புவெளி ஹோட்டலில் நீர் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தீர். மழைக்காலம் தொடங்கி வெள்ளைக்காரர் போனதும், நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகைகள் சும்மா கிடந்தன. கடற்கரை விளையாட்டுக்குப் பொறுப்பானவரைக் கெஞ்சி இரண்டை வாங்கிவிட்டீர். "மச்சாள், நீங்கள் கதிரையோட பிறந்தனீங்களோ? எழும்பி வாங்கோ" என்று வாசலில் நின்று கத்தினீர். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அண்ணனின் பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதல் ஞாயிறு கடலில் நான் விழுந்ததை எண்ணவில்லை. நீர் எண்ணினீர், பின்னேரம் முழுக்க ஊருக்கும் சொன்னீர். காலைப் பார்த்தால் விழுவேன், உம்மைப் பார்த்தால் சிரிப்பு வந்து விழுவேன். துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழக்காடும் ஆள் மாதிரி நின்ற என்னிடம் நீர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "துடுப்பைத் தூக்கினால் ரெண்டு கால். தண்ணிக்குள்ள விட்டால் மூண்டு கால். மூண்டு காலில நில்லுங்கோ." மூன்றாம் ஞாயிறு நின்றேன். என் வாழ்க்கையில் யாரும் கேட்காமல், யாருக்கும் பிரயோசனம் இல்லாமல் நான் கற்ற முதல் விடயம் அது.

அந்தப் பொறுப்பாளர் காலில் கயிறு கட்டப் பழக்கினார். பலகையிலிருந்து வரும் சுருள் கயிறு கணுக்காலில் இருந்தால், விழுந்தாலும் பலகை அலையோடு போகாது. கடலுக்கு அதுதான் முறை.

பிறகு மாரி மழை கொட்டியது. களப்பு நிரம்பி, வயலுக்குத் தண்ணீர் ஏறும் என்று சல்லி ஆட்கள் கடலை மறித்து நின்ற மண்திட்டை வெட்டிவிட்டார்கள். ஒரு பகலுக்குள் வாய்க்கால் ஆறாகிவிட்டது. ஆற்றுவாயில் தண்ணீர் மடிந்து மடிந்து வெள்ளையாய் நின்றது. "இதுதான் ஓடுற தண்ணி மச்சாள். கடலில நிண்டது எல்லாம் அரிவரிப் பாடம்" என்றீர். நீர் சல்லியில் பிறந்தவர், அந்தத் தண்ணீரில் குதித்து வளர்ந்தவர். என்னுடைய நீச்சல் அரைகுறை.

பொறுப்பாளர் பலகை தரும்போது தெளிவாகச் சொன்னார், இரண்டு பேருக்கும் சொன்னார். "ஓடுற தண்ணியில காலில கட்டக்கூடாது. கயிறு எதிலயாவது மாட்டினால் தண்ணி ஆளைக் குனிய விடாது, கழட்ட ஏலாது. காலுக்குப் பதிலா கயிறை இந்த இடுப்புப் பட்டியில கட்டுங்கோ. இழுத்தால் கழண்டிடும். ஒண்டுதான் கிடக்கு. ஆள் மாறி ஆள் போங்கோ."

இரண்டு நாள் மாறி மாறித்தான் போனோம். முழங்காலை மடித்து, ஒரு கால் முன்னே வைத்து, வெள்ளைத் தண்ணீருக்குள் துடுப்பை ஊன்றிப் போக வேண்டும். தாண்டியதும் பக்கத்தில் தண்ணீர் சும்மா சுழலும் இடத்துக்குப் பலகையைத் திருப்ப வேண்டும். நான் ஏழு தரம் விழுந்து எட்டாம் தரம் திரும்பினேன். கரையில் வலையின் ஓட்டை பொத்திக்கொண்டிருந்த ஒருவர், "தோணியைத் துலைச்சுப்போட்டுக் கதவைக் கழட்டிக்கொண்டு வந்திருக்கினம்" என்றார். நீர் அவருக்குத் துடுப்பால் தண்ணீர் தெளித்தீர். அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை மச்சாள்.

அந்தச் சந்தோசம்தான் என்னைக் கதைக்க வைத்தது. இரண்டாம் நாள் பின்னேரம் பஸ்சுக்கு நிற்கும்போது நான்தான் சொன்னேன். "நாளையோட தண்ணி இறங்கிடும். ஒருக்கால் ரெண்டு பேரும் ஒண்டாப் போவமே?" நீர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஓம், போவம்" என்றீர்.

அடுத்த நாள் கரையில் நீர் பட்டியை எடுத்து என் இடுப்பில் பூட்டினீர். நல்ல மீன் துண்டை எப்போதும் என் சோற்றுக் கோப்பையில் போடுவீரே, அந்த மாதிரித்தான், கேட்கவே இல்லை. நான் இரண்டு கையையும் உயர்த்தி வசதியாக நின்றேன். நீர் குனிந்து உமது கணுக்காலில் கயிற்றைக் கட்டியதையும் பார்த்தேன். பொறுப்பாளர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. வாய் திறக்கவில்லை.

நான் முன்னே போய், தாண்டி, சுழல் தண்ணீருக்குள் வந்து திரும்பிப் பார்த்தேன். நடுவில் இறால் வலை கட்டும் கம்பு ஒன்று தண்ணீருக்குக் கீழே நின்றிருக்கிறது, உமது கயிறு அதில் மாட்டியிருக்கிறது. உம்முடைய பலகை மட்டும் ஓடாமல் நின்று துடித்தது. வலைக்காரர் கத்தியோடு குதித்தார். அவருக்கும் நேரம் போதவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "அவள் எப்பவும் அவசரக்காரி. சொன்னபடி கட்டியிருந்தால் இருந்திருப்பாள்." நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நடுவில் நின்றேன். தட்டை நீட்டினேன், எடுத்தார்கள். உம்மை அவசரக்காரி ஆக்கிவிட்டு நான் நல்ல மச்சாளாக இருந்துகொண்டேன்.

இன்று மத்தியானம் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து வாசலில் நின்றார். மணம் அவரை இழுத்திருக்க வேண்டும். எனக்குத்தான் இனித் தாங்க ஏலாமல் போய்விட்டது. ஒண்டாப் போவம் என்று கேட்டது நான், பட்டியைக் கட்டிக்கொண்டு நின்றதும் நான், தெரிந்தும் பேசாமல் இருந்ததும் நான் என்று இறாலைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அதுக்கு முதல் நாள் பின்னேரமே அவள் எனக்கு ஃபோன் எடுத்தவள். 'அண்ணா, ஒண்டாப் போகக் கேக்கிறா, பட்டி ஒண்டுதான் கிடக்கு, என்ன செய்யிறது' எண்டு கேட்டவள். மச்சாளுக்குக் கட்டு, நீ சல்லிப் பிள்ளைதானே எண்டு நான்தான் சொன்னனான்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உம்மட முகத்தைப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வருது. அதுதான் பார்க்காமல் இருந்தனான்."

அவர் அழுதார். நானும் அழுதேன். இறால் கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் நின்ற என் முகத்தை அவர்தான் கட்டியிருந்த சாரத்தால் துடைத்துவிட்டார்.

வாற வெள்ளிக்கிழமை உம்முடைய திவசம். சொந்தம் எல்லாம் வரும். "நீர் சொல்லும், நான் பக்கத்தில நிக்கிறன். நான் சொன்னதையும் சேர்த்துச் சொல்லும்" என்கிறார். சொல்வேன். நீர் அவசரத்தில் கட்டவில்லை, பட்டியை எனக்குத் தந்துவிட்டுத் தெரிந்துதான் காலில் கட்டினீர் என்று ஊர் கேட்கட்டும்.

அதன் பிறகும் எனக்கென்று ஒன்று மிஞ்சும். அதை அவருக்கும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமையும் சொல்ல மாட்டேன். உம்முடைய பலகை நடுத்தண்ணீரில் நின்றபோது நீர் பகிடிக்கு ஒளித்திருக்கிறீர் என்று நினைத்தேன். கையைத் தட்டிச் சிரித்தேன், மச்சாள். "காணும் விளையாட்டு, வெளியில வாரும்" என்று கத்திச் சிரித்தேன்.