பறந்த மூக்கும் பறக்காத இறக்கையும்

மார்ச் 4

பொய் எழுதி வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் எங்கள் சோதனை ஜெட்டின் முன்னால் ஒரு பலகை: "தரைச் சோதனைக்கு மட்டும் பயன்பட்டது. ஒருமுறையும் பறக்கவில்லை." அதை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். தகடு அடித்தவன் நான். ராணுவத்துக்காக இரண்டு செய்தோம். ஒன்று பறக்க, மற்றது, தரையில் நிறுத்தி இறக்கையில் எடையேற்றி எங்கே முறிகிறது என்று பார்க்க. திட்டத்தைக் கைவிட்டதும் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தார்கள். பறந்ததைத்தானே வைப்பார்கள்? எவனாவது முறிந்ததை வைப்பானா?

மாப்பிள்ளை போய்ச்சேர்ந்த பிறகு தங்கை எங்குமே கிளம்பவில்லை. இப்போதுதான், அதை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாள். வந்து இந்தப் பலகையையா படிப்பாள்?

மார்ச் 6

அருங்காட்சியகக் காப்பாட்சியரைப் பார்த்தேன். சின்னப் பெண். "ஆவணத்துல அப்படித்தான் இருக்குங்க ஐயா."

"ஆவணமாம்மா அதை ஓட்டுச்சு?"

கோபப்படவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 7

பறவை மோதிய இடம்! அதை எப்படி மறந்தேன்?

மார்ச் 10

காப்பாட்சியர் பெண் தடுப்புக் கயிற்றைத் தாண்ட விட்டாள். மூக்கின் இடப்பக்கம் வண்ணத்தின்மேல் விரலால் தடவினேன். இருக்கிறது. ஒருநாள் பறவை மோதி, மூக்கு நசுங்கிய விமானத்தோடு இறங்கினார் மாப்பிள்ளை. அவசரமாக நான் வைத்த ஒட்டுத் தகடு, அதே கோணல் ரிவெட் ஆணி வரிசை.

"சும்மா நின்ன விமானத்துலயா பறவை வந்து இப்படி மோதும்? சொல்லும்மா."

"ஒத்துக்கறேன் ஐயா. இப்ப நீங்க இங்க வாங்க."

இறக்கைக்கு அடியில் விளக்கைப் பிடித்தாள். எடை தொங்கவிடப் போட்ட துளைகள். நடுவில் தகடு மடங்கிய சுருக்கம். இந்த இறக்கை ஒருநாளும் பறந்திருக்காது.

நான் ஜெயித்தேனா, தோற்றேனா?

மார்ச் 11

மூக்கு பறந்திருக்கிறது. இறக்கை பறக்கவில்லை. இப்படி ஒரு விமானத்தை என்னவென்று சொல்வது? நான் வேலையை விட்ட பிறகு இரண்டு விமானங்களையும் வெட்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள். யார்? எதற்கு? முழுப் பொய்யென்றால் சண்டை போடலாம். அரைப் பொய்யை என்ன செய்ய — தங்கச்சிகிட்ட இதை எந்த வாயால சொல்றது?

மார்ச் 13

சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவரும் பாதி வீட்டுலயும் பாதி அங்கயும்தானே இருந்தாரு. பாதிக்கு நான் பழகுனவதாண்ணா. அவரு உக்காந்த பாதி எது?"

"முன்பாதி."

"அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

இவளுக்குப் புரியவில்லையா, எனக்குத்தான் புரியவில்லையா?

மார்ச் 16

ஆக வேண்டியவை.

காப்பாட்சியர்: பலகையைக் கழற்ற வேண்டும். முன்பாதி பறந்தது, இறக்கை பறக்கவில்லை என்று நேராக எழுத வேண்டும். ஓட்டியவர் பெயர் வேண்டும். "கருதப்படுகிறது" என்றெல்லாம் மழுப்பக் கூடாது.

இரண்டையும் ஒட்டியவன், உயிரோடு இருந்தால்: வந்து எனக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

தங்கை மகன்: சனிக்கிழமை கார் கொண்டுவர வேண்டும். வழியில் கைபேசியில் பேசக் கூடாது.

தங்கை: மூக்கின் இடப்பக்கம், ஒட்டுத் தகட்டின்மேல் கை வைக்க வேண்டும்.

நான்: அவள் கை அங்கிருந்து மெல்ல இறக்கைப் பக்கம் போனாலும், வாயைத் திறக்கக் கூடாது.